பிள்ளைக்கும் ஆளுக்கும் இடையே: போர்க்காலத் தோட்டப்புறத்தில் பதின்பருவத்தினர்

அசாம் ஜாவா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களின் பழைய வாழ்க்கையை இரண்டு சொற்களால் விளக்கலாம். ஒன்று பிள்ளை, மற்றொன்று ஆள். பிள்ளைக்கு ஆயாக்கொட்டகையும் பள்ளியும் இருந்தன; ஆளுக்குப் பெரட்டுக்களம் இருந்தது. நடுவில் நின்ற வயதின் தேவையறிந்து அமைந்த இடம் ஏதும் இருக்கவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பதினான்கைக் கடந்தவரை அவ்விதி கருதவில்லை. பதினான்கு முதல் பத்தொன்பது வரையிலான பெண்ணை 'மடந்தை' எனத் தனித்துச் சுட்டிய மொழியைப் பேசிய மக்களின் நிலை இது.

அமைதிக்காலத்தில் இந்த இடைவெளியைக் குடும்பம் நிரப்பியது. போர் அக்குடும்பத்தையே குலைத்தது. 1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியப் படை கோலசிலாங்கூரை எட்டியது. ரப்பருக்குச் சந்தை இல்லாமற் போயிற்று. அரிசி அருகி மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. மலேரியாவுக்கு மருந்து கிட்டவில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர், பல்லாயிரவர் திரும்பவில்லை. தந்தை சயாமில் மடிய, தாயும் நோயில் இறந்தால், சிறு குழந்தையை உற்றார் எடுத்து வளர்க்கலாம். பதினைந்து வயதினரோ, உழைக்க வல்லவர் என்பதாலேயே ஆதரவு வேண்டாதவராகக் கருதப்பட்டனர்.

தோட்டத்தில் கிட்டாத உறைவிடத்தை அளித்த இரண்டு அமைப்புகளைச் சிங்கப்பூரில் காண்கிறோம். ஒன்று, பெற்றோரை இழந்த சிறுவர்களுக்காக இராமகிருஷ்ண மிஷன் போர்க்காலத்திலேயே தொடங்கிய இல்லம். மற்றொன்று, 1943 அக்டோபரில் டாக்டர் இலட்சுமி சுவாமிநாதன் தலைமையில் திறக்கப்பட்ட ஜான்சி ராணிப் படை முகாம். அங்குச் சேர்ந்தோருள் மலாயாத் தோட்டத் தமிழ்ப்பெண்கள் மிகுதி, பதின்வயதினரும் பலர். உணவும் உடையும் பாடமும், அவற்றினும் மேலாகத் தன்மதிப்பும் அம்முகாமில் கிடைத்தன. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அது பராமரிப்பு இல்லமன்று, படை. அங்குக் கிடைத்த அடைக்கலத்துக்குப் போர்முனை என்னும் விலை இருந்தது. இளையோரைக் காப்பது வேறு. காத்துப் பயன்கொள்வது வேறு. இவ்வேறுபாட்டை வரலாற்று மாணவர் மறத்தல் கூடாது.

போர் முடிந்தபின்னும் இழப்புத் தொடர்ந்தது. 1941இல் பத்து வயதில் பள்ளியை விட்ட சிறுவனுக்கு 1945இல் பதினான்கு வயது. சிறுவரோடு மீண்டும் அரிச்சுவடியில் அமர அவனுக்கு நாணம். பால்வெட்டு அவனை அழைத்தது. இவ்வாறு ஒரு தலைமுறையின் படிப்பு அறுபட்டது. 1949இல் சுவாமி சத்தியானந்தா நிறுவிய சுத்த சமாஜம் பூச்சோங் சாலையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தது. அத்தகைய முயற்சிகள் பெருகுமுன் பலர் ஆளாகிவிட்டிருந்தனர்.

'காப்பகம்' என்பது காப்பு, அகம் என்னும் இரு சொற்களின் சேர்க்கை. அகம் என்பதற்கு வீடு என்றும் மனம் என்றும் பொருளுண்டு. கூரையும் கஞ்சியும் காப்பாகும். பெயர்சொல்லி அழைக்கவும், விட்ட படிப்பை நாணமின்றித் தொடரச் செய்யவும் ஒருவர் இருந்தால்தான் அகம் அமையும். இன்றும் விடுதிகளிலிருந்தும் இல்லங்களிலிருந்தும் நம் வகுப்பறைக்கு மாணவர் வருகின்றனர். அவர்களை உயரம் கண்டு ஆள் எனக் கணக்கிடாதிருப்பது ஆசிரியர் கடன்.