மன்னார்க் காற்றாலைகளும் காணி உரிமையும்: இழப்பீட்டிலிருந்து சம்மதத்துக்கு

மன்னார் மாவட்டத்து நானாட்டான் வயல்கள் பெரும்பாலும் கட்டுக்கரைக் குளத்தை நம்பியவை. வாய்க்கால் நீர் மடை மாறி வயலுக்கு வயல் போகும். மேல்வயல்காரர் வரம்பைச் சற்று உயர்த்தினாலே அடுத்தவர் பயிர் மூழ்கும், அல்லது காயும். ஒருவருடைய காணி எங்கே முடிகிறது என்பதை இங்கு எல்லைக்கல் மட்டும் சொல்லிவிடாது. இலங்கையின் காணிச் சட்டங்கள் இந்த அறிவுக்கு இடம் தரவில்லை. மன்னார்க் காற்றாலைப் பிணக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1840ஆம் ஆண்டின் முடிக்காணிக் கட்டளைச் சட்டம், பயிரிடாத தரிசையும் காட்டையும் அரசுடைமை என்று அனுமானித்தது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் அறிவித்தல், ஆட்சேபம், இழப்பீடு என ஒரு நடைமுறையை வகுத்தது. அவசரம் என்றால் அந்த நடைமுறை முடியுமுன்பே கையேற்கவும் 38ஆம் பிரிவு வழிவிட்டது. காணிக்கு விலை கிடைக்கலாம். ஊரின் மறுப்புக்கு அதில் மதிப்பில்லை.

2003இல் வெளிவந்த இலங்கைக் காற்றுவள வரைபடம் வடமேற்குக் கரையின் வளத்தைக் காட்டியது. போருக்குப் பின், ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில், மின்சார சபை மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுவியது. 103.5 மெகாவாட் கொண்ட அந்தத் 'தம்பபவனி' 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. காற்றாலையின் அடித்தளம் பிடிக்கும் நிலம் கொஞ்சம்தான். ஆனால் நீண்ட இறக்கைகளையும் பாரந்தூக்கியையும் கொண்டுசெல்ல, மணலின்மேல் கிரவல் கொட்டி இறுக்கிய பாதை வேண்டும். தாழ்ந்த தீவில் மாரி வெள்ளம் வடியும் வழிக்குக் குறுக்கே அது அணையாகிவிடுகிறது. முன்பு வடிந்த வெள்ளம் இப்போது குடிமனைகளில் தேங்குகிறது என்பது ஊராரின் முறைப்பாடு. வடிகாலைத் திருத்தினால் சரியாகும் என்பது அரச தரப்பின் பதில். வடிகாலைத் திட்டமிடாமல் பாதை போட்டது ஏன் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

2023 பெப்ரவரியில் மன்னாருக்கும் பூநகரிக்குமாக 484 மெகாவாட் அதானி திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் 250 மெகாவாட் மன்னாருக்குரியது. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. நானாட்டான் பிரிவிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம் என்பதால், வலசைப் பறவைகளின் பாதையும் விவாதத்துக்கு வந்தது. புதிய அரசு மின்சார விலையை மீளப் பேச முனைந்த நிலையில் 2025 பெப்ரவரியில் அதானி விலகியது. மக்களின் மறுப்பு அதற்குக் காரணமாகப் பதிவாகவில்லை.

பதிவானது அதே ஆண்டின் ஓகஸ்டில்தான். வேறு திட்டங்களின் 14 காற்றாலைகளுக்கான பாகங்கள் தீவுக்கு வந்தபோது மக்கள் வீதியில் இறங்கினர். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வேலையை ஒரு மாதம் நிறுத்தினார். பின்னர் தொடரச் சொன்னார். செப்டெம்பர் 26 இரவு பொலிசாருடன் மோதல். 29இல் மாவட்டம் முழுதும் கடையடைப்பு. மக்கள் சம்மதமின்றித் தீவில் புதிய காற்றாலைத் திட்டங்கள் தொடங்கப்படா என்ற அறிவிப்பு இதன் பின்னரே வந்தது. 1840இலிருந்து எந்தச் சட்டமும் தராத சொல் அது. போராடிப் பெற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அது அறிவிப்பாகவே நிற்கிறது; தீவோடு நிற்கிறது. திருகோணமலை முத்துநகரில் சூரிய மின் திட்டங்களுக்கு வயலை இழந்த விவசாயிகள் அதே செப்டெம்பரில் தொடர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. போகம் தொடங்குமுன் நீர் திறக்கும் நாளைக் கமக்காரர் கூட்டம் கூடித் தீர்மானிக்கும் வழக்கம் நானாட்டானில் இன்றும் உண்டு. அந்தக் கூட்டத்தின் சம்மதமின்றி எந்த மின்திட்டமும் வயலுக்குள் வரக்கூடாது என்று காணி எடுத்தற் சட்டத்தைத் திருத்த வேண்டும்.