ஒரு துறைமுகமும் இரு மரக்கலங்களும்



அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலே, மசாசூசெற்ஸ் மாநிலத்தில், குளோஸ்ரர் என்னும் பழம்பெரும் மீன்பிடித் துறைமுகம் ஒன்று உண்டு. கோடைகால மாலைகளில் அங்கு செல்வோர், பாய்மரக்கலம் ஒன்றில் ஏறிக் கடலிலே சிறிது உலாவி, ஞாயிறு மறைந்தபின் கரை திரும்புவர். காசு கொடுத்துப் பெறும் பொழுதுபோக்குத்தான் அது. எனினும், அக்கலங்களின் வரலாற்றை ஆராய்ந்தால், அதன் ஓர் ஏட்டிலே நம் வல்வெட்டித்துறையின் பெயரையும் காண்போம்.

அக்கலங்களை ஸ்கூனர் என்பர். இரண்டோ அதற்கு மேலோ பாய்மரங்கள் இருக்கும். பாய்கள் கலத்திற்குக் குறுக்கே அமையாமல், நீளவாட்டில் அமைந்திருக்கும். அதனால் ஆட்கள் சிலரே அதனைச் செலுத்தலாம். காற்று எதிர்த்து வீசினாலும் வளைந்து வளைந்து முன்னேறலாம். முதல் ஸ்கூனர் 1713 ஆம் ஆண்டில் குளோஸ்ரரிலேயே கட்டப்பட்டது என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

இன்று அவ்வூர் போற்றும் கலம் ‘அட்வெஞ்சர்’. அயலூராகிய எசெக்ஸில் 1926 இல் கட்டப்பட்ட அதன் நீளம் ஏறக்குறைய 122 அடி. சிறு படகுகளைச் சுமந்து ஆழ்கடலுக்குச் செல்வதே அதன் தொழில். அங்கே படகுக்கு இருவராக இறங்கி, தூண்டில்கள் கோத்த நீண்ட கயிறுகளை இட்டு மீன் பிடிப்பர். மூடுபனி கவிந்துவிட்டால் தாய்க்கலம் கண்ணுக்குத் தெரியாது. திரும்பாத படகுகள் பல. கலத்தின் முன்னே நீண்டிருக்கும் மரத்தில் நின்று பாய் சுருட்டும்போது அலை வாரிச்சென்றவர்களும் பலர். ஆதலால் அம்மரமே இல்லாதபடி ‘அட்வெஞ்சரை’ வகுத்தார் தோமஸ் மக்மானஸ் என்னும் கப்பற்கலை வல்லுநர். கடலுக்குப் பலியான குளோஸ்ரர் மீனவரின் தொகை ஐயாயிரத்துக்கும் மேல்.

1953 இல் ‘அட்வெஞ்சர்’ மீன்பிடித் தொழிலை விட்டது. பின்னர் மெயின் மாநிலத்திலே உல்லாசப் பயணிகளை ஏற்றியது. 1988 இல் குளோஸ்ரர் மக்களுக்கு நன்கொடையாக வந்து சேர்ந்தது. 1994 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. உளுத்த பலகைகளை மாற்றும் வேலை பல்லாண்டுகள் நடந்தது. அதன்பின்னரே அக்கலம் மீண்டும் பாய் விரித்தது.

இனி, இதே துறைமுகத்தில் 1938 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் நிகழ்ந்ததைக் கேளுங்கள். இரண்டு பாய்மரங்கள் கொண்ட கலம் ஒன்று வந்து நங்கூரமிட்டது. அதன் முன்மரத்திலே குறுக்குப் பாய்கள். பின்மரத்திலே ஸ்கூனரைப் போன்ற நீளவாட்டுப் பாய். ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் பொறித்திருந்தது. அதன் பழைய பெயரோ ‘அன்னபூரணி’. பிறந்த இடம் வல்வெட்டித்துறை. வேப்பமரத்தால் நம்மவர் கட்டிய கலம் அது. சிறு படகிலே உலகைச் சுற்றிவந்த அமெரிக்கராகிய வில்லியம் அல்பேட் றொபின்சன் அதனை விரும்பி வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் உடன்சென்ற வல்வை மாலுமிகளும் சுயெஸ் கால்வாய் கடந்து, மத்தியதரைக் கடல் கடந்து, அத்திலாந்திக் மாகடலையும் தாண்டி அதனை அங்கே கொண்டுசேர்த்தனர். கப்பல் கட்டுவதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த மக்கள் கூடி நின்று அதனைப் பார்த்தனர்.

அக்காலத்தில் இரு ஊர்களும் ஒரே தொழிலால் வாழ்ந்தன. குளோஸ்ரர் மீன் தேடி வடகடலுக்குச் சென்றது. வல்வெட்டித்துறை வாணிகம் தேடி வங்கக் கடலைக் கடந்தது. இயந்திரக் கப்பல் இரண்டையும் வென்றது. குளோஸ்ரரோ தன் கலமொன்றைக் காத்து, மாலை உலா வருவோர் தரும் காசையும் அதன் பழுது பார்க்கச் செலவிடுகிறது. இத்தகைய உலாக்களிலே பயணிகளும் கயிறு பிடித்துப் பாயை ஏற்றுவதுண்டு. பாயின் பாரத்தை ஒருமுறை கையால் உணர்ந்த சிறுவன், தன் பாட்டன் பட்ட பாட்டை உணர்வான்.

நம் சிறுவர்க்கு அவ்வாறு காட்ட ‘அன்னபூரணி’ நம்மிடம் இல்லை. அதனைக் கட்டியவரும் செலுத்தியவரும் மறைந்துவிட்டனர். ஆயினும், அவர்தம் பேரர் வீடுகளிலே பழைய நிழற்படமோ, கப்பற் கணக்கேடோ, தண்டையல் சொன்ன கதையோ எஞ்சியிருக்கலாம். அவற்றையாவது தேடி எழுதிவைப்போமாக.