கருவி முதலில், பாடம் பிறகு: வத்திராயிருப்புப் பகுதியை முன்வைத்து இணையப் பாதுகாப்புக் கல்வியின் கால் நூற்றாண்டு

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் இணையப் பாதுகாப்பு எப்போது இடம்பெற்றது என்று தேடுபவருக்கு முதலில் கண்ணில் படுவது 2018ஆம் ஆண்டு. மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வகுத்த புதிய பாடத்திட்டத்தின்படி அந்தக் கல்வியாண்டில் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில், கடைசிக்கு முந்தைய அத்தியாயம் கணினி நெறிகளையும் இணையப் பாதுகாப்பையும் பேசுகிறது. ஃபிஷிங், குக்கி, ஃபயர்வால், மின் கையொப்பம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் எல்லாம் அதில் உண்டு. அதற்கு முன்பிருந்த பிளஸ் 2 கணினி நூலிலும் இறுதிப் பகுதியில் நெறிமுறை பற்றி ஒரு சிறு பாடம் இருந்தது. வைரஸ், மென்பொருள் திருட்டு, பிறர் கணினிக்குள் அத்துமீறி நுழைதல் ஆகியவற்றோடு அது நின்றுகொண்டது. நாளை அலுவலகத்தில் கணினி முன் உட்காரப்போகும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாடம் அது. இன்று வீட்டில் அம்மாவின் போனை வாங்கிக்கொள்ளும் பிள்ளை அதில் இல்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் வழியாக. அன்று தொடங்கி இன்றுவரை ஒவ்வொரு கட்டத்திலும் கருவிதான் முதலில் வந்து சேர்ந்தது. அதைக் கையாளும் கல்வி ஏதாவது கேடு நடந்த பிறகு வந்தது. வந்தபோதும் பெரும்பாலும் தடையாகவே வந்தது. இந்தக் கட்டுரை அந்தத் தொடரைப் பின்பற்றுகிறது. வத்திராயிருப்பை மையமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சதுரகிரி போகிறவர்கள் தாணிப்பாறைக்குத் திரும்பும் வழியில் உள்ள ஊர் இது. நெல்லும் தென்னையும் மாவும்தான் பிழைப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்திலிருந்து பிரிந்து தனி வட்டமாகியும் அதிக காலம் ஆகவில்லை. இங்கே பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும். மாநிலத் திட்டம் ஒன்று நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க இப்படிப்பட்ட ஊரே பொருத்தமானது.

பொது அறையிலிருந்து கைக்குள்

தென் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு இணையம் தனிச்சொத்தாக வரவில்லை. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் ஐஐடி மெட்ராஸ், ஹார்வர்டு, எம்ஐடி ஆகியவை சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கின. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் வழியே ஊருக்கு ஒரு இணைய மையம் அமைந்தது. தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்ப, கண்ணைப் படமெடுத்து மருத்துவமனைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க மக்கள் அங்கே போனார்கள். மையத்தை நடத்தியவர் அதே ஊர்க்காரர், பெரும்பாலும் படித்த இளைஞர் அல்லது இளம்பெண். எதைத் திறக்கலாம், எதை அனுப்பலாம் என்பதைப் பக்கத்தில் இருந்தபடியே அவர் சொல்லிக்கொடுத்தார். இணையப் பாதுகாப்புக் கல்வி என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் நம் பக்கத்தில் நடந்த முதல் இணையப் பாதுகாப்புக் கல்வி அதுதான் என்பது என் துணிபு.

அடுத்து வந்தவை பிரவுசிங் சென்டர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் போன்ற ஊர்களில் பிளஸ் 2 ரிசல்ட் பார்க்கவும் கவுன்சலிங் விவரம் எடுக்கவும் மாணவர்கள் அங்கேதான் போனார்கள். மணிக்கணக்கில் காசு, மரத்தடுப்பு வைத்த சிறு அறை, பக்கத்தில் யாரும் இல்லை. சொல்லிக்கொடுத்த ஆள் இந்தக் கட்டத்தில்தான் மறைந்துபோனார். அவருக்குப் பதிலாக அரசு விதியைக் கொண்டுவந்தது. 2011 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட சைபர் கஃபே விதிகள் தடுப்பின் உயரம் நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது என்றன. அடையாள அட்டை இல்லாத சிறார் பெரியவர் ஒருவரோடுதான் வர வேண்டும் என்றன.

அதே 2011இல், செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்காட் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் 2 மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் போயின. அடுத்த சில ஆண்டுகளில் கொடுக்கப்பட்டவை 50 லட்சத்துக்கும் மேல். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைக்கு, தன் பெயரில் ஒரு கணினி கிடைத்தது சாதாரண விஷயமல்ல. அந்தத் திட்டத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் தடுப்பு நாலரை அடி என்று அளந்த நாடு, செப்டம்பரில் அந்தத் திரையைப் பிள்ளையின் வீட்டுக்கே அனுப்பியது. தடுப்பின் உயரத்துக்கு விதி எழுதியவர்கள் இருந்தார்கள். மடிக்கணினியோடு போக வேண்டிய பாடத்தை எழுத ஆள் இல்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை சரிந்தது. மடிக்கணினி செய்ய முடியாததைச் செல்போன் ஓரிரு ஆண்டுகளில் செய்துமுடித்தது.

தடையின் காலம்

2017 முதல் 2019 வரையிலான மூன்றாண்டுகளில் பள்ளிகளும் பெற்றோரும் இணையத்தைப் பேசியதெல்லாம் அச்சத்தின் மொழியில். 2017 ஆகஸ்ட் இறுதியில் மதுரை மாவட்டக் கல்லூரி மாணவர் ஒருவரின் மரணம் 'புளூ வேல்' என்ற விளையாட்டோடு சேர்த்துப் பேசப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பள்ளிகளில் எச்சரிக்கைக் கூட்டங்கள் நடந்தன. 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு அளித்த பதிலில், நாட்டில் நடந்த எந்த மரணத்துக்கும் அந்த விளையாட்டுதான் காரணம் என்று உறுதிப்படவில்லை என்று சொன்னது. அந்தப் பதில் எச்சரிக்கை போன அளவு தூரம் போகவில்லை. மன நெருக்கடியில் இருக்கும் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பதே அன்று ஆசிரியர்களுக்குத் தேவைப்பட்டது. கிடைத்ததோ ஒரு விளையாட்டின் பெயர் மட்டும்.

2018 மே மாதம் நேர்ந்தது இன்னும் கொடியது. பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் திரிகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவரை மக்கள் அடித்தே கொன்றார்கள். அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வந்த செய்தி உண்மையா என்று பார்க்கும் பாடம் வகுப்பறைக்கு வரவில்லை.

2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக் பதிவிறக்கத்துக்குத் தடை விதிக்கச் சொன்னதும் அதே மதுரைக் கிளைதான். வத்திராயிருப்பு இருக்கும் விருதுநகர் மாவட்டம் அதன் எல்லைக்குள் வருவது. ஆப் ஸ்டோர்களிலிருந்து செயலி நீங்கியது. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்களிடம் தொடர்ந்து ஓடியது. ஏப்ரல் 24 அன்று தடை விலகியது. 2020 ஜூனில் மத்திய அரசு வேறு காரணத்துக்காக அதை ஒரேயடியாகத் தடைசெய்தது. பிள்ளைகள் ரீல்ஸுக்கு மாறிக்கொண்டார்கள்.

பொள்ளாச்சி பாலியல் வழக்கு வெளியே வந்ததும் அதே 2019இல். சமூக வலைதளத்தில் நட்பாகப் பழகி, படமெடுத்து மிரட்டிய கும்பலுக்குப் பலமாக இருந்தது தொழில்நுட்பம் மட்டுமல்ல. வீட்டில் சொன்னால் என்ன ஆகும் என்று பெண்கள் பயந்த பயமும் அவர்களுக்குத் துணையானது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பாஸ்வேர்டு பற்றிய பாடம் இரண்டாம் இடத்தில்தான் வர வேண்டும். தவறு நடந்தால் யாரிடம் சொல்வது, சொன்னால் திட்டு விழாது என்ற உறுதியை எப்படித் தருவது என்பது முதலில் வர வேண்டும். 2012இன் போக்சோ சட்டம் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தைக் காக்கிறது. ஒரு மாணவிக்கு அது தெரிந்திருந்தால் வாய் திறக்க அந்த அளவுக்குத் துணிவு கூடும்.

கொரோனா, அதன் பின்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதும், அதுவரை பள்ளி வளாகத்துக்குள் அனுமதியில்லாத செல்போனே வகுப்பறையாகிவிட்டது. கல்வித் தொலைக்காட்சி 2019இலேயே தொடங்கியிருந்ததால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு வழி இருந்தது. ஆனாலும் வீட்டுப்பாடமும் வினாத்தாளும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வந்தன. வீட்டுக்கு ஒரு போன் இருக்கும் இடத்தில், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவில் அவர் திரும்பிய பிறகே பிள்ளையின் படிப்பு. பெரியவர்கள் தூங்கும் நேரத்தில், தனியாக, வழிகாட்ட யாருமின்றி ஒரு தலைமுறை இணையத்தைப் பழகியது. அந்த மே மாதம் என்சிஇஆர்டியும் யுனெஸ்கோவும் பாதுகாப்பான இணையவழிக் கற்றல் பற்றி ஒரு கையேடு வெளியிட்டன. நல்ல கையேடுதான், கிராமப்புறத் தமிழ்வழி வகுப்புக்கு ஏற்றதாக அமையவில்லை.

2021 கோடையில் சென்னைப் பள்ளியொன்றின் இணையவழி வகுப்பு தொடர்பான பாலியல் புகார் வெளியானதும் தமிழ்நாடு அரசு விரைந்து நெறிமுறைகள் வகுத்தது. இணைய வகுப்புகளைப் பதிவுசெய்ய வேண்டும், ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்று அவை சொல்லின. பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இத்தகைய புகார்களுக்கும் உரியதானது. மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையங்கள் வந்தன. பண மோசடிக்கு 1930 என்ற எண் நாடு முழுக்கப் பரவியது. சைபர் கிரைம் காவலர்கள் பள்ளிகளுக்கு வந்து பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஓடிபி சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்பதே பேச்சின் சாரம். வங்கிக் கணக்கு உள்ள பெரியவருக்கு அது சரியான பாடம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் வேறு வகை.

கூமாபட்டி

வத்திராயிருப்பு வட்டத்துக்கு, திரையில் பார்ப்பதைச் சரிபார்க்கும் பாடம் 2025 ஜூனில் வீட்டு வாசலுக்கே வந்தது. இந்த வட்டத்தில் உள்ள கூமாபட்டிக்கு வாருங்கள் என்று உள்ளூர் இளைஞர் ஒருவர் கூப்பிட்ட ரீல்ஸ் தமிழ்நாடெங்கும் பரவியது. தண்ணீரும் தென்னையும் பின்னால் மலையும் திரையில் பார்த்தவர்களுக்கு அது ஒரு தனித் தீவாகவே தோன்றிவிட்டது. வெளியூர்க் கார்களும் பைக்குகளும் பிளவக்கல் அணையை நோக்கித் திரண்டன. வந்தவர்களுக்கு அணைப் பகுதிக்குள் அனுமதியில்லை. குளிக்கத் தடை என்று நீர்வளத்துறை எச்சரித்தது. ஏமாந்து திரும்பியவர்கள் அதையும் ஒரு ரீல்ஸாகப் போட்டார்கள்.

தன் ஊரைப் பெருமையாகக் காட்ட விரும்பிய இளைஞரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆசிரியர் கண்ணோடு பார்த்தால் இது கிடைத்தற்கரிய பாடம். பொய்ச்செய்தியைச் சரிபார்ப்பது எப்படி என்று உலகெங்கும் நடத்தும் வகுப்புகளில், பிள்ளைகள் பார்த்தேயிராத ஏதோ ஒரு நாட்டுப் படத்தைக் காட்டுவார்கள். கூமாபட்டிப் பிள்ளைக்கோ அணை எப்படி இருக்கும், எந்த மாதம் தண்ணீர் நிற்கும், மதகுப் பக்கம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் கண்ணால் கண்ட உண்மை. திரையில் ஓடும் முப்பது விநாடியை அந்த உண்மையோடு பொருத்திப் பார்க்கச் சொன்னால் போதும். படத்தின் சட்டத்துக்கு வெளியே எது விடுபட்டது, அது எந்த நேரத்தில் எடுத்தது, இடையில் வேறு ஊர்க் காட்சி ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று பிள்ளைகளே சொல்வார்கள். பிறகு அடுத்த கேள்விக்குப் போகலாம்: படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணை, வரப்பில் நின்ற விவசாயியைக் கேட்காமல் படமெடுத்து லட்சம் பேருக்குக் காட்டலாமா? சட்டப் பிரிவை மனப்பாடம் செய்யும் முன்பே ஏழாம் வகுப்புப் பிள்ளை இதற்கு விடை தேடத் தொடங்கிவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் தென்மேற்கில் கேரளத்தின் பெரியாறு காப்பகத்தைத் தொடுகிறது. அந்தப் பக்கம் நடந்த வரலாறு வேறு. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தால் 2005இலேயே அங்கே எஸ்எஸ்எல்சி மாணவர் அனைவருக்கும் தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடமாகிவிட்டது. 2018இல் கண்ணூர் மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலி, அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியை அடையாளம் காணும் 'சத்யமேவ ஜயதே' வகுப்புகளைத் தொடங்கினார். ஒரு மாவட்டத்தில் தொடங்கிய அந்த வகுப்பை 2022இல் மாநில நிறுவனமான கைட் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு எடுத்துச்சென்றது. 2024இல் ஐந்தாம், ஏழாம் வகுப்பு ஐசிடி நூல்களில் அது பாடமாகவே ஏறியது. இங்கிலாந்தில் 2014 முதல் ஐந்து வயதிலேயே தொடங்கும் பாடத்திட்டத்தில் தன் விவரங்களைக் காத்துக்கொள்வது இடம்பெறுகிறது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் பதினாறு வயதுக்குட்பட்டோருக்குச் சமூக வலைதளக் கணக்குகளை மூடிவிட்டது. தடையா கல்வியா என்ற வழக்கு உலகில் இன்னும் முடியவில்லை. டிக்டாக் தடை வந்ததையும் போனதையும் கண்ட நமக்கு, கேரள வழியே நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் குறை கருவியில் இல்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. குறை பாடம் வைக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது. பாதுகாப்பு அத்தியாயம் பதினோராம் வகுப்பில், அதிலும் கணினிப் பிரிவு எடுத்தவருக்கு மட்டும். உயிரியல் பிரிவோ வரலாற்றுப் பிரிவோ எடுத்தவர் அதைப் பார்க்கவே மாட்டார். பத்தாம் வகுப்போடு பட்டாசு ஆலைக்கோ நூற்பாலைக்கோ வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அது எட்டவே எட்டாது. ஆறு முதல் பத்து வரை கணினிக்குத் தனிப் பாடமும் இல்லை, தனி ஆசிரியரும் இல்லை. அறிவியல் நூலின் இறுதி அலகாக அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதை அடுத்து பாடத்திட்டத்தைத் திருத்தும் பேச்சு தொடங்கியது. ஆறாம் வகுப்பு அறிவியலின் கணினி அலகு மானிட்டர், சிபியு, கீபோர்டு என்று பெயர் சொல்லிப் போகிறது. அந்த இடத்தில் பிள்ளை கையில் உண்மையாகவே இருக்கும் செல்போனை வைத்து எழுதலாம். தெரியாதவர் போட்டோ கேட்டால் என்ன செய்வது, குரூப்பில் ஒருவரைக் கேலி செய்தால் என்ன செய்வது, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் 14417க்கும் எப்போது கூப்பிடுவது என்பவை அதில் வரலாம். பிள்ளை வந்து சொன்னவுடன் போனைப் பிடுங்கி வைத்தால் அடுத்த முறை சொல்லவே சொல்லாது என்பதைப் பெற்றோருக்கும் அதே பக்கத்தில் எழுதலாம். இதை நடத்த லேப் திறக்க வேண்டியதில்லை. தமிழாசிரியரோ சமூக அறிவியல் ஆசிரியரோ ஒரு பீரியடில் நடத்திவிட முடியும்.