பாதாளம் தேடிய கதைகள்

நான் ஆசிரியப் பணியில் அமர்ந்த புதிதில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். புவியின் உள்ளமைப்பைக் கரும்பலகையில் வட்டம் வட்டமாக வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். பின் வாங்கிலில் இருந்த மாணவன் ஒருவன் கொப்பிக்குள் ஒரு கதைநூலை மறைத்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். பிரெஞ்சு எழுத்தாளர் யூல்ஸ் வேர்ண் எழுதிய பாதாளப் பயணக் கதையின் தமிழ்ச் சுருக்கம் அது. நூலைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அவன் எழுந்து நின்று, “யாரும் போய்ப் பார்க்காத இடம் இப்படித்தான் இருக்கும் என்று எப்படிச் சேர் தெரியும்?” என்று கேட்டான். அதனைக் குறும்பென்று கருதி அவனை இருத்திவிட்டேன். அவன் கேட்டது வரலாற்றின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றென்பதை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

நிலத்தின் கீழ் ஓர் உலகமுண்டு என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. மயில் இராவணன் கதையில் அநுமன் பாதாளம் புகுந்து இராமலக்குவரை மீட்டதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். அங்கே வழி காட்டுவது தெய்வ அருள். ஆனால் ஐரோப்பாவிலே, பதினேழாம் நூற்றாண்டு தொடக்கம், பாதாளக் கதை வேறொரு வழியிற் சென்றது. அங்கே அநுமனின் இடத்தை வெப்பமானியும் காந்தவூசியும் பெற்றன.

அவ்வழியைத் திறந்தவர்களுள் ஒருவர் கதாசிரியர் அல்லர். தம் பெயரால் ஒரு வால்வெள்ளி வழங்கப்பெறும் வானியலறிஞர் எட்மண்ட் ஹலி. காந்தவூசி காட்டும் திசை ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக மேற்கு நோக்கி நகர்வதை அக்காலத்து மாலுமிகள் அறிந்திருந்தனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. 1692 இல் ஹலி ஒரு விடை கூறினார். புவி ஏறக்குறைய 500 மைல் தடிப்புள்ள ஓடு. அதனுள்ளே ஒன்றனுள் ஒன்றாக வேறு கோளங்கள் உள்ளன. அவை சற்று வேறுபட்ட வேகத்திற் சுழல்வதனாலேயே ஊசி திசை மாறுகிறது என்றார். அவ்வுட்கோளங்களில் ஒளியும் உயிர்களும் இருக்கலாம் எனவும் எண்ணினார். எண்பது வயதில் அவரைத் தீட்டிய ஓவியத்தில், அக்கோளங்களின் படத்தையே அவர் கையிற் பிடித்திருக்கிறார்.

இக்கருத்துப் பரவிய பின் கதாசிரியர் சும்மா இருப்பாரோ? நோர்வே நாட்டின் பேர்கன் நகரிற் பிறந்து டென்மார்க்கில் வாழ்ந்த லுட்விக் ஹொல்பேர்க் என்னும் பேராசிரியர், 1741 இல் இலத்தீன் மொழியில் நீல்ஸ் கிளிம் என்பவனின் நிலக்கீழ்ப் பயணத்தை எழுதினார். பேர்கன் மலைக்குகையொன்றில் இறங்கிய கிளிம், கயிறு அறுந்து விழுகிறான். புவியின் உள்ளே ஒரு சூரியனையும், அதனைச் சுற்றும் ஒரு கோளையும், அங்கே நடந்து திரியும் மரமனிதரையும் காண்கிறான். எதையும் விரைவில் விளங்கிக்கொள்பவனை ஆழமற்றவன் என்று அந்நாட்டார் மதிப்பிடுகின்றனர். கிளிமின் அறிவைச் சோதித்த அவர்கள், அவனுக்கு விரைந்தோடும் கால்கள் இருக்கக் கண்டு, தூதோடும் வேலையை மட்டுமே கொடுக்கின்றனர்! பரீட்சைத் தாள்களைத் திருத்தும் எங்களைப் போன்றோர் இவ்விடத்தில் சிறிது நின்று சிந்தித்தல் நன்று. அந்நாட்டில் பெண்களும் ஆண்களோடு ஒப்ப உயர்பதவிகள் வகிக்கின்றனர். இத்தகைய எண்ணங்களை அன்றைய டென்மார்க்கில் வெளிப்படையாகச் சொல்லல் எளிதன்று. ஆகவே ஹொல்பேர்க் தம் பெயரை மறைத்து, நூலை ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வெளியிட்டார். மேலுலகிற் பேச முடியாததைப் பேசுவதற்குக் கீழுலகம் இடமளித்தது.

கதையைக் கதையென்று கொள்ளாது மெய்யென்று நம்பியவரும் உண்டு. அமெரிக்கப் படையிற் கப்டனாக இருந்த ஜோன் சிம்ஸ் என்பவர், 1818 இல் உலகத்தார் அனைவரையும் விளித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். புவி உள்ளீடற்றது, இரு முனைகளிலும் அதற்கு வாயில்கள் உள்ளன, துணிவுள்ள நூறு பேர் தம்முடன் வந்தால், சைபீரியாவிலிருந்து கலைமான் வண்டிகளிற் புறப்பட்டு உள்ளே செல்வதாக அறிவித்தார். அரசின் உதவி கிட்டவில்லை. அவர் 1829 இல் காலமானார். உள்ளீடற்ற ஒரு கல்லுருண்டை அவர் கல்லறையின் மேல் வைக்கப்பட்டது.

ஹலியும் தவறினார், சிம்ஸும் தவறினார். ஆயினும் இரண்டும் ஒரே தவறல்ல. ஹலி ஒரு வினாவுக்கு விடை தேடித் தவறினார்; சிம்ஸ் விடையை முதலிற் பற்றிக்கொண்டு பின்னர் அதற்கு ஆட்களைத் தேடினார். இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது, நான் பறித்து வைத்த அக்கதைநூலே.

வேர்ண் தம் நாவலை 1864 இல் வெளியிட்டார். ஹம்பர்க் நகரப் பேராசிரியர் லிடன்புரொக், பழைய கையெழுத்துச் சுவடியொன்றிற் கிடைத்த மறைகுறிப்பை நம்பி, மருமகன் அக்செலுடனும் ஹான்ஸ் என்னும் வழிகாட்டியுடனும் ஐஸ்லாந்தின் எரிமலை வாயொன்றில் இறங்குகிறார். கீழே காளான் காடும் பெருங்கடலும் பண்டை விலங்குகளும் காணப்படுகின்றன. ஈற்றில் இத்தாலியின் ஸ்ட்ரொம்போலி எரிமலை அவர்களை மேலே வீசிவிடுகின்றது.

இத்தனை வியப்புகளிலும் என்னைக் கவர்ந்தது, புறப்படுமுன் நிகழும் ஒரு வாதமே. எழுபது அடி ஆழத்துக்கு ஒரு பாகையாக வெப்பம் ஏறுமாயின், நடுவிடத்தில் எல்லாம் உருகிக் கொதிக்குமே என்கிறான் மருமகன். புவியின் நடுவே நெருப்பில்லை என்கிறார் பேராசிரியர். ஆங்கில அறிஞர் டேவியைத் துணைக்கு அழைக்கிறார். இது வெறுங் கற்பனை வாதமன்று. அக்காலத்து அறிஞர் உண்மையாகவே இரு பக்கமாக நின்று இதனை வாதிட்டனர். பயணிகள் இறங்கும்போது வெப்பத்தையும் அழுக்கத்தையும் அளந்து குறித்துக்கொண்டே செல்கின்றனர். கதையின் கடைசிப் புதிரும், ஹலியை மயக்கிய அதே காந்தவூசியைப் பற்றியதே. கற்பனை எவ்வளவு தொலைவு பறந்தாலும், அளவுகோலை வேர்ண் கைவிடவில்லை.

அவ்வாதம் பின்னர் எவ்வாறு தீர்ந்தது? எவரும் இறங்கித் தீர்க்கவில்லை. சந்தையிற் சட்டி வாங்கும் பெண் அதனை உடைத்துப் பார்ப்பதில்லை. விரலால் தட்டி ஓசையைக் கேட்கிறாள். புவியைத் தட்டுவது பூமியதிர்ச்சி. அதன் அலைகள் புவியை ஊடுருவி மறுபுறம் வந்து சேரும் நேரத்தை ஆராய்ந்து, நடுவில் வேறுபட்டதொரு கரு உண்டென 1906 இல் ரிச்சர்ட் ஓல்டாம் காட்டினார். அக்கருவின் வெளிப்பகுதி திரவம் என்று பின்னர் தெளிவாயிற்று. 1929 இல் நியூசிலாந்தில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியின் பதிவுகளைக் கூர்ந்து நோக்கி, அத்திரவத்தின் உள்ளே மற்றுமொரு கரு உண்டென 1936 இல் நிறுவியவர் இங்கே லேமன் என்னும் பெண்மணி. ஹொல்பேர்க் வாழ்ந்த அதே டென்மார்க்கின் மகள் அவர். பெண்கள் பதவி வகிக்கும் பாதாளத்தை அந்நாட்டு எழுத்தாளர் கற்பனை செய்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றபின், மெய்யான பாதாளத்தின் உட்கருவை அந்நாட்டுப் பெண்ணொருவரே கண்டார்.

வெளிக்கருவில் உருகிய இரும்பு அசைவதனாலேயே புவிக்குக் காந்தப்புலம் உண்டாகிறது என இன்று அறிவோம். ஊசியின் நகர்வுக்குக் காரணம் புவியின் உள்ளே அசையும் ஒரு பகுதியே என்னும் அளவில் ஹலியின் எண்ணம் சரியாயிற்று. ஒளியும் உயிரும் அங்கே இல்லை. ஆனால் வினா வீண்போகவில்லை.

மனிதன் நேரே இறங்க முயன்ற கதையோ மிகச் சிறியது. சோவியத் நாட்டினர் 1970 இல் கோலாக் குடாநாட்டில் துளையிடத் தொடங்கினர். 1989 இல் அத்துளை 12,262 மீற்றர் ஆழத்தை எட்டியது. அங்கே எதிர்பார்த்த வெப்பம் ஏறக்குறைய 100 பாகை. இருந்தது 180 பாகை. வேலை 1992 இல் நின்றது. நடுவிடத்துக்கான தூரம் 6,371 கிலோமீற்றர். அதில் ஐந்நூற்றில் ஒரு பங்கைக்கூட அத்துளை எட்டவில்லை. வெப்பத்தைப் பற்றிய வாதத்தில் வென்றவன் மருமகன் அக்செலே.

நேயர்களே, அந்த மாணவனின் வினாவுக்கு இப்போது என்னிடம் விடை உண்டு: “போய்ப் பார்க்கவில்லை, தம்பி, தட்டிக் கேட்டோம்.” ஆனால் அதனைச் சொல்வதற்கு அவன் இல்லை. அடுத்த தவணை தொடங்குமுன்னரே அவன் குடும்பத்தார் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். நூல் என் அலுமாரியிலேயே தங்கிவிட்டது.

இப்போது நான் அதிபராயிருக்கும் பாடசாலையில், பாட நேரத்திற் கதைநூல் வாசிக்கும் பிள்ளை என்முன் அழைத்துவரப்படுவதுண்டு. நூலை வாங்கி வைக்கிறேன், ஒழுங்கு வேண்டுமல்லவா? ஆனால், “இதில் உனக்கு நம்ப முடியாதது எது?” என்று கேட்டு, அப்பிள்ளை சொல்லும் மறுமொழியை முழுவதும் கேட்ட பின்னர், மணி அடித்ததும் நூலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.