ஒரு வகுப்புக்கு இரண்டு வாத்தியார்



மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். பொறியாளன்தானே, பாலம், அணைக்கட்டு என்று ஏதாவது எழுதுவான் என நினைத்திருப்பீர்கள். நான் எழுதுவது ஒரு பள்ளிக்கூடச் சரித்திரம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் மற்றவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வந்த கதை.

தமிழ்நாட்டில் இது தனிப்பள்ளிகளில் தொடங்கியது. 1890களில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவெய்ன்சன் என்ற அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்தார். பார்வையற்றோருக்கும் அவ்வூரில் பள்ளி எழுந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய புண்ணியம். ஆனால் வெளியூர்ப் பிள்ளை சேர வேண்டுமானால் அப்பா அம்மாவை விட்டு விடுதிக்குப் போக வேண்டும். எங்கள் கொல்லிமலைத் தேவனூர் நாட்டு ஜனங்களுக்கு அடிவாரம் இறங்குவதே ஒரு யாத்திரை. பாளையங்கோட்டை எங்கே, நாங்கள் எங்கே?

1964-66இல் கோத்தாரிக் குழு, இப்பிள்ளைகளை முடிந்தவரை பொதுப் பள்ளியிலேயே சேர்க்கச் சொன்னது. 1974இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் கொண்டுவந்தது. 8 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்பது அதில் பின்னாளில் வகுத்த கணக்கு. பல இடங்களில் பிள்ளையைத் தனி அறைக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி ஆனபோது வகுப்பாசிரியர், "அவன் அவரோட பையன்" என்று இருந்துவிட இடமுண்டு.

1987இல் என்.சி.இ.ஆர்.டி.யும் யூனிசெஃபும் சேர்ந்து, தமிழ்நாடு உட்பட 10 இடங்களில் வட்டாரத்துக்கு ஒன்றாகப் புதுமுயற்சி செய்தன. வட்டாரத்து ஆசிரியர் எல்லோருக்கும் ஒரு வாரம், சிலருக்கு 6 வாரம், விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கு ஓராண்டு என மூன்று படியாகப் பயிற்சி. இந்தப் பிள்ளை எல்லா வாத்தியாருக்கும் சொந்தம் என்பது அதன் அடிப்படை.

அது எல்லா ஊருக்கும் வந்து சேரவில்லை. தொடக்கப் பள்ளியில் என்னோடு படித்த ஒரு பையனுக்குக் காது சரியாகக் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பான். மனக்கணக்கில் எனக்கு முந்தி விடை சொல்வான். வாத்தியார் தங்கமானவர்தான், ஆனால் கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவார். முதுகைப் பார்த்து யாரால் பாடம் படிக்க முடியும்? அஞ்சாம் வகுப்போடு நின்று மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போய்விட்டான்.

சட்டங்கள் வளர்ந்தன. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைச் சொன்னது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் வட்டார வள மையங்களுக்குச் சிறப்புப் பயிற்றுநர்கள் வந்தார்கள்.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இன்னொரு வழி பரவியது. வகுப்பாசிரியரும் சிறப்பாசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து பாடம் நடத்துவது. மரிலின் பிரெண்ட், லின் குக் என்ற பேராசிரியைகள் இதை 6 முறைகளாக வகுத்தார்கள். ஒருவர் நடத்த மற்றவர் பிள்ளைகளைக் கவனிக்கலாம். வகுப்பை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். இருவரும் மாறி மாறி நடத்தலாம். பின்னக் கணக்கை ஒருவர் பலகையில் எழுத, மற்றவர் காகிதத்தை மடித்துக் காட்டினால் கடைசி பெஞ்சுப் பையனுக்கும் சேர்த்துப் புரியும். என் நண்பன் வகுப்பில் இரண்டாமவர் ஒருவர் இருந்திருந்தால், "சார், பசங்க பக்கம் திரும்பிப் பேசுங்க" என்று சொல்லியிருப்பார். அது போதுமே!

2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அரசு தரநிலை வகுக்கும்வரை, தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் எங்கள் மலையில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகள் ஒரே பள்ளியில் இருப்பார்களா? இங்கொருவர் அங்கொருவராகச் சிதறித்தான் இருப்பார்கள். ஒரே ஆசிரியர் எல்லா ஊரும் சுற்றி வந்தால் ஒரு பள்ளிக்கு எத்தனை நாள் கிடைக்கும்? பாரம் எவ்வளவு என்பதோடு, அது எங்கெங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பது பொறியியலின் பாலபாடம். மலைப் பள்ளிகளுக்குத் தலைக்கணக்கோடு தூரக்கணக்கும் வேண்டும். அவர் வராத நாளில் வகுப்பாசிரியரே சமாளிக்க, 1987இன் பயிற்சி முறையும் வேண்டும்.

நண்பர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை பற்றிக் கேட்கிறோம். "சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? வகுப்புக்குள் நின்று பாடம் நடத்துகிறாரா?" என்றும் இனி கேட்போம்.