பதினைந்து வளைவுகளுக்குப் பதில் ஒன்று

மலைப்பாதை என்றாலே நமக்குக் கொண்டை ஊசி வளைவுகள்தான் நினைவுக்கு வரும். எத்தனை வளைவு என்று எண்ணிக்கொண்டே ஏறுவதில் ஒரு பெருமை. ஆனால் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், அத்தனை வளைவுகள் வேண்டாம் என்று ஒருவர் சொன்னதால் பேர் வாங்கிய சாலை ஒன்று இருக்கிறது.

அங்குள்ள கிளேசியர் தேசியப் பூங்கா 1910இல் ஏற்பட்டது. அந்நாளில் பார்க்க வந்தவர்கள் ரயிலில் வந்து இறங்கி, குதிரையேறித்தான் உள்ளே போவார்கள். வசதி படைத்தவர்களுக்கே அது கட்டுப்படியாகும். கார்கள் பெருகியதும், மலைத்தொடரின் குறுக்கே ஒரு சாலை போட்டால் சாதாரணக் குடும்பங்களும் வருமே என்று நினைத்தார் தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதர். 1921இல் வேலை தொடங்கியது.

கடக்க வேண்டிய லோகன் கணவாயின் உயரம் 6,646 அடி. பொறியாளர் குட்வின் போட்ட திட்டத்தில், ஒரே பள்ளத்தாக்கில் பதினைந்து வளைவுகள். தாமஸ் விண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சுரங்கக்காரர்கள் கிளறிப்போட்ட இடம்போல ஆகிவிடும் என்றார். செங்குத்தான பாறைச் சுவரை ஒட்டியே ஏறினால் ஒரே பெரிய வளைவு போதும் என்பது அவர் யோசனை. செலவு கூடும், ஆபத்தும் கூடும்.

1924இல் பிராங்க் கிட்ரிட்ஜ் 32 பேருடன் அளவெடுக்கப் போனார். தினமும் மலையேறி, பாறை விளிம்பில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அளந்தார்கள். தாங்க முடியாமல் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். புது ஆட்களை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், ஆறு சதவீதச் சரிவுக்கு மேல் போகாமல் அந்த வழியில் சாலை போட முடியும் என்று தெரிந்தது. மேதர் விண்டின் பக்கம் நின்றார்.

மலையின் முகம் சிதையாமலிருக்கப் பெரிய வெடிகளைத் தவிர்த்து, சிறு சிறு வெடிகளாக வைத்தார்கள். உடைத்த கல்லைக் கொண்டே ஓரச் சுவர்களைக் கட்டினார்கள். வேலையில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள்.

சுமார் 80 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையை 1933 ஜூலை 15 அன்று திறந்தார்கள். அருகிலுள்ள மலையின் பெயரையே வைத்து, 'சூரியனிடம் செல்லும் சாலை' என்றார்கள்.

கணவாய்க்கு லோகன் என்பது பூங்காவின் முதல் கண்காணிப்பாளர் பெயர். காரில் போகிறவர்கள் அதைச் சொல்லிக்கொண்டே கடக்கிறார்கள். வளைவைக் குறைத்தவரையும், உயிரைக் கொடுத்த அந்த மூவரையும் ஒரு நிமிஷம் நினைத்தால் நல்லது.