தெருமுனையில் நின்றவர் யார்?

இளைஞர் கூடும் இடத்தில் சச்சரவு எழுவது புதிதன்று. ஒரு முறைப்பு, ஒரு கேலிச்சொல், ஒரு பெண்ணின் பொருட்டு எழும் பொறாமை ஆகியவை எக்காலத்திலும் அவர்களைக் கைகலப்புக்கு இழுத்து வந்திருக்கின்றன. முன்பு அத்தகைய சண்டை வீங்கிய முகத்தோடும் கிழிந்த சட்டையோடும் முடிந்தது. மறுவாரமே சண்டையிட்ட இருவரும் ஒன்றாக விளையாடினர். ஆனால் அவர்களுள் ஒருவனது இடுப்பில் கைத்துப்பாக்கி இருக்குமாயின், அந்த மறுவாரம் இல்லாமற் போகிறது. அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு முதற்காரணமாகத் துப்பாக்கி 2020-ஆம் ஆண்டில் இடம்பிடித்தது. கொலை, தற்கொலை, விபத்து மூன்றும் இக்கணக்கில் அடங்கும். அதுவரை முதலிடத்தில் இருந்தவை வாகன விபத்துகள்.

இத்துயரம் திடீரெனத் தோன்றியதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தடுக்க முயன்றவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைநகரான பாஸ்டனில் நடந்தவை நாம் ஊன்றி நோக்கத்தக்கவை.

1980-களின் இடைப்பகுதியில் 'கிராக்' எனப்படும் மலிவான கொக்கைன் போதைப்பொருள் அமெரிக்க நகரங்களில் பரவியது. அதை விற்கத் தெருமுனைகளில் ஆட்கள் தேவைப்பட்டனர். சிறுவர் பிடிபட்டால் தண்டனை குறைவு என்பதால் வணிகர்கள் சிறுவரையே பணியில் அமர்த்தினர். பணமும் போதைப்பொருளும் கையில் வைத்திருந்த சிறுவன் தன்னைக் காத்துக்கொள்ளத் துப்பாக்கி ஏந்தினான். அவனைக் கண்டு அஞ்சிய பக்கத்துத் தெருச் சிறுவனும் துப்பாக்கி தேடினான்; இவனுக்கோ போதை வணிகத்தோடு எத்தொடர்பும் இல்லை. அச்சமே ஆயுதத்தைப் பெருக்கியது என்பதை ஆல்ஃபிரட் புளும்ஸ்டைன் என்னும் குற்றவியல் அறிஞர் 1995-இல் விளக்கினார். பாஸ்டன் நகரில் 1990-ஆம் ஆண்டில் மட்டும் 152 பேர் கொலையுண்டனர். டார்செஸ்டர், ராக்ஸ்பரி, மேட்டப்பான் ஆகிய, கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதிகளே பெரிதும் அடிபட்டன.

காவல்துறை இருந்தது, ஆனால் மக்களுக்கு அதன்மீது நம்பிக்கை இல்லை. 1989 அக்டோபரில் வெள்ளையர் ஒருவர் கருவுற்றிருந்த தம் மனைவியைக் கொலை செய்துவிட்டு, கறுப்பினத்தவர் ஒருவரே சுட்டதாகக் கூறினார். அதை நம்பிய காவலர் மிஷன் ஹில் பகுதியில் கறுப்பின இளைஞரைத் தெருவிலேயே நிறுத்திச் சோதனையிட்டனர். உண்மை வெளிப்பட்டபோது காயம் ஆழப் பதிந்துவிட்டிருந்தது. அப்பழிக்காக நகரத்தின் சார்பில் முறையான மன்னிப்புக் கேட்கப்பட்டது 2023-ஆம் ஆண்டில்தான்.

இந்நிலையில் 1992 மே மாதம், மேட்டப்பான் பகுதியிலுள்ள மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஓர் அடக்கச் சடங்கு நடைபெற்றது. சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞன் ஒருவனுடைய உடல் அங்கே வைக்கப்பட்டிருந்தது. வழிபாட்டின் நடுவே ஒரு கும்பல் ஆலயத்துக்குள் புகுந்து, துயர் காக்க வந்திருந்த வேறோர் இளைஞனை மக்கள் கண்முன்பாகவே கத்தியால் குத்தியது. நகரத்துக் கறுப்பினத் திருச்சபைகளின் போதகர்கள் திகைத்துப் போயினர். தெரு தங்கள் ஆலயத்துக்குள் நுழைந்துவிட்டதே எனக் கலங்கியவர்கள், தாங்கள் தெருவுக்குச் செல்லாததை அப்போதுதான் உணர்ந்தனர். மடிந்த சிறுவர்களை அடக்கம் செய்யத் திருச்சபை அறிந்திருந்தது. உயிரோடிருந்தபோது அவர்கள் எங்கே கூடினார்கள் என்பதை அது அறிந்திருக்கவில்லை.

டார்செஸ்டரில் பணிபுரிந்த போதகர் யூஜின் ரிவர்ஸ் தமக்குப் பாடம் புகட்டியவர் போதைப்பொருள் விற்ற ஓர் இளைஞரே எனப் பிற்காலத்தில் கூறினார். அந்த இளைஞர் சொன்னதன் சாரம் இது: சிறுவன் பள்ளி முடிந்து வரும்போது நாங்கள் அங்கே நிற்கிறோம். தாய்க்கு ரொட்டி வாங்கக் கடைக்குப் போகும்போதும் நிற்கிறோம். நீங்கள் நிற்பதில்லை. ஆகவே நாங்கள் வெல்கிறோம், நீங்கள் தோற்கிறீர்கள். எந்த மறையுரையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க இயலாது.

ரிவர்ஸ், ரே ஹாமண்ட், ஜெஃப்ரி பிரவுன் முதலிய போதகர்கள் அவ்வாண்டிலேயே 'பத்து அம்சக் கூட்டணி' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். வெள்ளிக்கிழமைகளில் இரவு 10 மணி முதல் பின்னிரவு 2 மணி வரை தெருக்களில் நடக்கத் தலைப்பட்டனர். முதலில் எவரும் அவர்களோடு பேசவில்லை. இளைஞர் அவர்களைத் தொலைவிலிருந்தே கவனித்தனர். வாரந்தோறும் அதே முகங்கள் திரும்ப வரக் கண்டபின் பேசத் தொடங்கினர். போதகர்கள் தமக்கென ஒரு விதி வகுத்துக்கொண்டனர்: அங்கே போதிக்கலாகாது, செவிமடுக்க வேண்டும். நாள்தோறும் போதிப்பதையே தொழிலாகக் கொண்டவர்க்கு இது எளிய விதியன்று.

அதே 1992-இன் நவம்பரில் நன்னடத்தை அலுவலர்களும் தம் வழக்கத்தை மாற்றினர். அதுவரை நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்த சிறுவரை அவர்கள் பகலில் அலுவலகத்தில்தான் சந்தித்தனர். இரவில் வீட்டிலிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை தாளோடு நின்றது. இப்போது காவலரோடு சேர்ந்து மாலையிலும் இரவிலும் வீடுகளுக்கே சென்று, பிள்ளை எங்கே எனப் பெற்றோரிடம் கேட்டனர். தம்மால் அடக்க இயலாத மகனை எண்ணித் தனித்துத் தவித்த தாய்மாருக்கு இது ஒரு துணையாயிற்று.

பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கென்னடியும் அவருடைய தோழர்களும் ஆய்ந்தபோது வியப்பான உண்மை ஒன்று வெளிப்பட்டது. ஊரார் எண்ணியதுபோல் ஒரு தலைமுறையே கெட்டுப்போகவில்லை. நகரில் 61 குழுக்களும் அவற்றில் சுமார் 1,300 பேரும் இருந்தனர். இளைஞர் கொலைகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு இச்சிறு தொகையினரின் பகையால் விளைந்தவை. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பெரும்பாலும் ஒரே வட்டத்தினர். 1996 முதல் இக்குழுவினரை அழைத்து, காவலர், அரசு வழக்கறிஞர், சமூகப் பணியாளர், போதகர் ஆகியோர் நேருக்கு நேர் பேசினர். கல்விக்கும் வேலைக்கும் உதவுவோம்; ஆனால் உங்களுள் ஒருவன் சுட்டாலும் குழு முழுவதும் பதில் சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் கூறியது.

1991 முதல் 1995 வரை ஆண்டுக்குச் சராசரியாக 44 பேர், 24 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள், கொலையுண்டனர். 1996-இல் இது 26 ஆகவும், 1997-இல் 15 ஆகவும் குறைந்தது. நகரின் மொத்தக் கொலைகள் 1999-இல் 31 ஆயின. அக்காலத்தில் வேறு பல நகரங்களிலும் கொலைகள் குறைந்தன. ஆகவே எல்லாப் புகழையும் இம்முயற்சிக்கே உரித்தாக்குதல் நேர்மையாகாது என அறிஞர் சிலர் எச்சரிப்பது சரியே. ஆயினும் அடுத்து நடந்ததையும் நோக்க வேண்டும். வெற்றியின் மகிழ்ச்சியில் கூட்டுறவு தளர்ந்தது. முன்னின்றவர்கள் வேறு பணிகளுக்குச் சென்றனர். யாருக்குப் புகழ் என்னும் பூசலும் எழுந்தது. 2005-ஆம் ஆண்டில் கொலைகள் மீண்டும் 70-ஐத் தாண்டின. அதன்பின் பணி புதுப்பிக்கப்பட்டது. 2024-இல் கொலைகள் 24 ஆகக் குறைந்தன; 1957-க்குப் பின் அந்நகரம் காணாத குறைந்த எண்ணிக்கை அது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? 1990-களில் அமெரிக்க நகரங்கள் பல, சிறுவர் இரவில் வெளியே வரலாகாது எனச் சட்டம் இயற்றின. ஆனால் பள்ளி நாள்களில் சிறுவரின் வன்செயல் உச்சம் அடைவது நள்ளிரவிலன்று, பள்ளி விட்டவுடன், பிற்பகல் 3 மணியையொட்டித்தான் எனக் குற்றப் பதிவேடுகள் காட்டின. பெற்றோர் இன்னும் பணியிலிருந்து திரும்பாத வேளை அது. வேலையேதுமின்றி, பெரியவர் எவருமின்றி ஒத்த வயதினர் கூடிப் பொழுதைக் கழிக்கும்போது தவறுகள் மிகுகின்றன என வேன் ஆஸ்குட் முதலியோர் 1996-இல் வெளியிட்ட ஆய்வும் கூறியது. பிள்ளையின் குணத்தை மட்டுமன்றி, அவன் இருக்கும் இடத்தையும் வேளையையும் நாம் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

துப்பாக்கி எளிதில் கிடைக்கும் நாட்டில் பெரியவர் அருகிருத்தல் மட்டும் போதாது என்பதும் உண்மையே. 18 வயது நிரம்பாதவர் கைத்துப்பாக்கி வைத்திருத்தலை அந்நாட்டுச் சட்டம் 1994-இல் தடை செய்தது. சில விலக்குகளோடு அது இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆயினும் துப்பாக்கிகள் சிறுவர் கைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஆயுதத்தைக் குறைப்பது அரசின் கடன். ஆனால் அந்தக் கடன் தீரும்வரை காத்திருக்கச் சிறுவர்களுக்கு நேரமில்லை.

லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் கூறிய காணாமற்போன ஆட்டின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தொழுவத்தின் வாயிலில் நின்று குரல் கொடுத்தவரைப் பற்றியதன்று அவ்வுவமை. ஆடு திரிந்த இடத்துக்கே தேடிச் சென்றவரைப் பற்றியது. பாஸ்டன் போதகர்கள் அதை வெள்ளிக்கிழமை இரவுகளில் கால்களால் வாசித்தனர். அவர்கள் வேறு சபையினர். எனினும் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. நம் ஆலயங்கள் காலையில் திறக்கின்றன, மாலைச் செபத்துக்குத் திறக்கின்றன. பள்ளி விட்டபின் வீட்டில் யாருமில்லாத சிறுவன் அவ்வழியே நடந்து வரும் வேளையில் அவற்றின் கதவு பெரும்பாலும் பூட்டியிருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கவும், திறந்தபின் அங்கே அமர்ந்திருக்கவும், வாரந்தவறாமல் திரும்பி வரவும் நம்முள் இருவர் மூவர் முன்வந்தால் அதுவே தொடக்கமாகும்.